வலது பக்கத்து வாளி

உக்காருங்க தம்பி, பெஞ்சு ஈரமெல்லாம் இல்ல, இப்பத்தான் தொடச்சேன். உங்க அண்ணனை டாக்டரம்மா உள்ள கூப்புட்டுப் பேசிக்கிட்டு இருக்காங்க, எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை பார்வை நேரம்னு போர்டு வச்சுட்டு, அந்த நேரத்துலதான் அந்தம்மாவுக்குப் பேச்சே ஊறும். பையில என்ன, பன்னீர் திராட்சையா? மறைக்காதீங்க. நீங்க கேட்டுக்குள்ள நுழையுறப்பவே வாசம் வந்துருச்சு. பறிச்சு ரெண்டு நாளாச்சு, மழையில நனைஞ்ச கொலை. சரியா? பாத்தீங்களா, மூக்கு இன்னும் அப்படியே இருக்கு.

உங்க அண்ணனைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. தங்கமான மனுசன், ஆனா குடிகாரரு. இங்க இருக்குற பதினெட்டுப் பேருல பதினேழு பேரு குடிகாரங்க, நான் ஒருத்தன்தான் இல்ல. சிரிங்க, சிரிங்க. எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும். அவங்க சொல்றது பொய், நான் சொல்றது நெசம், அம்புட்டுதான் வித்தியாசம். நான் ஒயின் கம்பெனியில ருசி பாக்குற வேலை பாத்தவன். பதினோரு வருசம். மதலைமுத்துன்னு கம்பம் பக்கம் எந்தத் திராட்சைத் தோட்டத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. ஒயினை வாயில விட்டு, ருசியைக் கண்டுபுடிச்சு, பெறகு துப்பிருவோம். துப்புறதுக்குன்னு ஒரு எவர்சில்வர் வாளி, எப்பவும் எனக்கு வலது பக்கம் இருக்கும். குடிகாரன் எவனாவது துப்புவானா, நீங்களே சொல்லுங்க.

அதுக்கு முந்தி நான் திராட்சைப் பந்தல் வேலைதான். கொடிக்குக் கவாத்து வெட்டுறது, கொலை பறிக்கிறது. அதோட எங்க ஊரு மாதா கோயில்ல கோயில்பிள்ளை. நீங்க வேதக்காரரா தம்பி? இல்லையா. அப்ப சொல்லணும். கோயில்பிள்ளைன்னா மணி அடிக்கணும், பீடம் சோடிக்கணும், பூசைக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைக்கணும். சாமியாரு பூசையில அதைக் கையில எடுத்து மந்திரிச்ச பெறகு அது அப்பமும் இல்ல, ரசமும் இல்ல. ஆண்டவரோட ஒடம்பு, ஆண்டவரோட ரத்தம். எங்களுக்கு அது கதை இல்ல, நெசம்.

ஒருநாள் எங்க பெரிய சாமியாருக்குக் கை தவறி, ரசக் கிண்ணத்துல இருந்து ரெண்டு சொட்டு பீடத்துப் படியில சிந்திருச்சு. செக்கச் செவேல்னு ரெண்டே சொட்டு. எழுவது வயசுக்காரரு, பூசையை நிப்பாட்டிட்டு முட்டிக்கால் போட்டுட்டாரு. வெள்ளைத் துணியால ஒத்தி எடுத்தாரு. மூணு தடவை தண்ணி விட்டுக் கழுவுனாரு. அந்தத் தண்ணியை யாரும் மிதிக்காத எடத்துல குழி தோண்டி ஊத்தணும்னாரு. கோயிலுக்குப் பின்னாடி குழி தோண்டுனவன் நான்தான். அவரு முகத்துல ஓடுன கண்ணீரை நான் பக்கத்துல நின்னு பாத்தேன் தம்பி. அது எனக்கு எலும்புல ஏறிருச்சு.

பெறகுதான் எங்க ஊருக்கு மேற்க, மலையடிவாரத்துல அந்த ஒயின் கம்பெனி வந்துச்சு. குல்கர்னி சார்னு ஒருத்தர் நாசிக்ல இருந்து வந்தாரு. எட்டுத் தோட்டத்துத் திராட்சையை எட்டுத் தட்டுல வச்சு, எங்க ஆளுக கண்ணைக் கட்டிவிட்டு, எது எந்தத் தோட்டம்னு சொல்லச் சொன்னாரு. நான் எட்டையும் சொன்னேன். ஏழாவது தட்டுல வேற தோட்டத்துக் கொலை ஒண்ணு கலந்துருக்குன்னும் சொன்னேன். அவரு என் தோள்ல கையப் போட்டுக்கிட்டாரு. அன்னியில இருந்து நான் கவாத்துக் கத்தியைத் தொடல.

எப்படிப் பாக்கணும்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கிளாஸை வெளிச்சத்துக்கு நேரா தூக்கணும், நெறத்தைப் பாக்கணும். ஒரு சுத்து சுத்தணும். மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கணும். ஒரு வாய் எடுத்து, சர்ருன்னு காத்தை உறிஞ்சி, நாக்குல பெரட்டணும். எல்லாத்துக்கும் கடைசியா, துப்பிட்டு, சொல்லணும். அவங்களுக்கு இங்கிலீசுல நூறு வார்த்தை இருக்கு. எனக்கு ரெண்டே ரெண்டுதான். தேறும், தேறாது.

வெள்ளை ஒயின் இருக்கே தம்பி, அது முன்னாடியே பேசிரும். மொத வாசத்துலயே நார்த்தங்கா தோலைக் கிள்ளுன மாதிரி இருக்கும், பச்சை மாங்காயோட பால் மாதிரி ஒரு சுருக்கு. நல்ல வெள்ளைன்னா நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் தண்ணி ஊறும். மோசமானது தித்திச்சுட்டுப் போயிரும், பின்னாடி ஒண்ணும் நிக்காது. சிவப்பு அப்படி இல்ல. அது வாயைத் தொறக்கவே நேரமெடுத்துக்கும். நாவப்பழம் தின்ன பெறகு நாக்கு இழுக்குமே, அது. பெறகு வறுத்த புளியங்கொட்டை. கடைசியில மழை விழுந்த மலைக்காட்டுல ஒரு வாசம் வருமே, அந்த மண்ணும் எலையும். நம்ம பள்ளத்தாக்குல ரெண்டு பக்கமும் மலை, பகல்ல வெயிலு, சாயங்காலமானா கேரளாப் பக்கம் இருந்து எறங்குற காத்து. அந்தக் காத்து சிவப்புல இருக்கு. நான் கண்டுபுடிச்சுச் சொன்னப்ப குல்கர்னி சார் நோட்டுல எழுதிக்கிட்டாரு.

வெள்ளையைத் துப்பிருவேன். சுத்தமா, ஒரு சொட்டு உள்ள போகாது. சிவப்பைத்தான் என்னால துப்ப முடியல.

மொத நாளு வாயில வச்சுக்கிட்டு நிக்கிறேன், வாளி பக்கத்துல இருக்கு, சாரு பாக்குறாரு. அது பூசை வைக்காத ஒயின், ஆண்டவர் ரத்தம் இல்ல, வெறும் சரக்கு. அறிவுக்குத் தெரியுது. தொண்டைக்குத் தெரியலையே. செவப்பா ஒண்ணைத் துப்புறதா? குழி தோண்டுன கை தம்பி இது. முழுங்கிட்டேன். சாரு சிரிச்சுட்டு, "மதலை, உனக்குப் பக்தி ஜாஸ்தி, போகட்டும்"னு சொன்னாரு. அப்பவே ஒரு அதட்டு அதட்டிருக்கலாம் அந்த மனுசன். அதட்டல.

கம்பெனியில வெள்ளைக்கு ஆறு டேங்க், சிவப்புக்குப் பதினாலு. தினமும் எல்லாத்தையும் பாக்கணும். அது வேலை. என் பொண்டாட்டி மரியசெல்வம் வாசல்லயே நின்னு வாயை மோந்து பாப்பா. ஆமா, வாசம் வரத்தான் செய்யும். மாவு மில்லுல வேலை பாக்குறவன் தலையில மாவு இருக்காதா? ஒரு தடவை மொபட்டோட வாய்க்கால்ல விழுந்தேன், அது மாடு குறுக்க வந்ததுனால. காலையில கை நடுங்குச்சுன்னா அது சுகர். லீவு நாள்ல நாக்குக்குப் பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுன்னு வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு பாட்டில் கொண்டாருவேன். அதுலயும் வெள்ளையைத் துப்பிருவேன், மரியசெல்வத்துக்கே தெரியும். கொல்லையில வேப்ப மரத்தடியிலதான் துப்புவேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, ஷைனி. பால் சங்கத்துல கம்ப்யூட்டர்ல உக்காருற வேலை. அமைதியான புள்ள, ஆனா எதையும் அளந்து பாத்துட்டுத்தான் பேசும். ஒருநாள் சாயங்காலம், "அப்பா, ஒரு டேங்க்குக்கு எம்புட்டு முழுங்குவீங்க?"ன்னு கேட்டா. "ஒரு வாய்தாம்மா"ன்னேன். ஒரு சொம்பு தண்ணியும் ஒரு சட்டியும் கொண்டாந்து வச்சா. "அந்த ஒரு வாயை எடுத்து இதுல விடுங்கப்பா, பதினாலு தடவை." வெளையாட்டுன்னு நினைச்சு விட்டேன். சங்கத்துல பால் அளக்குற லிட்டர் படியை எடுத்தாந்து அதுல ஊத்துனா. முக்கால் லிட்டருக்கு மேல நின்னுச்சு. அவ படியை என் முன்னாடி வச்சுட்டு உக்காந்துருந்தா. எனக்குன்னா கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. தண்ணியை எவனாவது ருசி பாப்பானா? தண்ணின்னா வாய் பெருசாத்தான் எடுக்கும். படியைத் தூக்கி எறிஞ்சேன். அது நசுங்கிப் போச்சு. அதை அவ சங்கத்துல எப்படிக் குடுத்தாளோ தெரியல.

அவளுக்குத் திண்டுக்கல்ல மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. ரெனால்டுன்னு நல்ல பையன். மே மாசம் கல்யாணம். முந்தின வாரம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. "அப்பா, எனக்கு நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கல்யாணத்தன்னிக்குக் காலையில வெறும் வாயோட என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அது ஒண்ணு போதும்"னா. என்னடா புள்ள இப்படிக் கேக்குதேன்னு எனக்குச் சங்கடமாப் போச்சு. அவ தலையில கைய வச்சு, ஒரு சொட்டு தொட மாட்டேன்னு சொன்னேன். "உங்களுக்கும் கிண்ணம் உண்டுப்பா, நான் சாமிகிட்டப் பேசிட்டேன், நீங்க பயப்படாதீங்க"ன்னா. நான் ஏன் பயப்படணும்னு அப்பப் புரியல.

எங்க கோயில் பங்குல ஒரு வழக்கம். மத்த நாள்ல சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். கல்யாணப் பூசையில மட்டும் பொண்ணு மாப்பிள்ளைக்கும் ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பனுக்கும் கிண்ணத்துல இருந்து ஆண்டவர் ரத்தமும் உண்டு. கோயில்பிள்ளையா இருந்தப்ப எத்தனை கல்யாணத்துக்கு அந்தக் கிண்ணத்தைத் தொடச்சுக் குடுத்துருக்கேன். என் பொண்ணு கல்யாணத்துல என் வாய்க்கு அது வரும்னு இருவத்தஞ்சு வருசமா நினைச்சுக்கிட்டு இருந்தவன் நான்.

முந்தின நாள் மத்தியானத்துல இருந்து தொடல தம்பி. நெசமாத் தொடல. என்னை நம்புங்க, இதையாவது நம்புங்க. காலையில எந்திரிக்கிறேன், சட்டைப் பொத்தானைப் போட முடியல, கை அப்படி ஆடுது. வேர்த்துக் கொட்டுது. குடிக்காததுனாலதான் நடுக்கம்னு இந்த டாக்டரம்மா இப்பச் சொல்லுது. குடிச்சா நடுங்கும்னு சொன்னாலாவது ஒத்துக்கலாம், குடிக்காட்டி நடுங்குமாம். மரியசெல்வம்தான் பொத்தான் போட்டுவிட்டா. ஷைனி வெள்ளைப் பட்டுச் சேலையில நிக்கிறா. நான் கையப் புடிச்சு நடக்குறேன். என் நடுக்கம் அவ கையில ஏறி, அவ புடிச்சிருந்த பூச்செண்டு ஆடுது. அவ என் முகத்தைப் பாத்தா. அந்தப் பார்வையிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், இவ நம்மளை நம்பலன்னு.

தாலி கட்டியாச்சு. பூசையில நன்மை, அதான் அந்த அப்பமும் ரசமும், குடுக்குற நேரம். பீடத்துக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நிக்கிறோம். மாப்பிள்ளை, அவனுக்கு இடது பக்கம் ஷைனி, ஷைனிக்கு இடது பக்கம் நானு. சாமியாரு அப்பம் குடுத்தாரு, வாங்குனேன். பெறகு கிண்ணம் வந்துச்சு. என் ரெண்டு கையிலயும் குடுத்தாரு. நான் குனிஞ்சு பாத்தேன்.

வெள்ளை.

எங்க கோயில்ல நான் பாத்த நாள்ல இருந்து சிவப்புதான். அன்னிக்கு வெள்ளை ஒயின். ஜன்னல் வழியா வெளிச்சம் வருது. பெறகு நடந்ததுல நான் இல்ல தம்பி. கண்ணு நெறத்தைப் பாத்துச்சு. கை கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிச்சு, ஒரு சுத்து சுத்துச்சு. மூக்கு உள்ள போச்சு. ஒரு வாய் எடுத்து சர்ருன்னு உறிஞ்சிட்டேன். சாமியாரு சட்டையில மைக்கு இருக்கு, கோயில் பூராக் கேட்டுச்சு. நாக்குல பெரட்டுறேன். தித்திப்புத் தூக்கல், பின்னாடி ஒண்ணும் நிக்கல.

வலது பக்கம் திரும்பித் துப்பிட்டேன்.

துப்பிட்டு, "தேறாது"ன்னு சொன்னேன். அதுவும் மைக்குல கேட்டுச்சு.

என் வலது பக்கம் எம்மக நிக்கிறா.

பதினோரு வருசமா ஒரு சொட்டு சிவப்பைத் துப்புனவன் இல்ல நான். எதை நினைச்சுத் துப்பாம இருந்தேனோ, அதையே துப்பிட்டேன். தோள்ல இருந்து முந்தானை வரைக்கும் வழியுது. சிவப்பா இருந்தாலாவது கறை தெரிஞ்சிருக்கும். வெள்ளைப் பட்டுல வெள்ளை ஒயின், ஈரம் மட்டும் மின்னுது. மாப்பிள்ளையோட அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க.

சாமியாரு சின்ன வயசுக்காரரு. முட்டிக்கால் போட்டாரு, தரையை ஒத்தி எடுத்தாரு. பெறகு ஷைனியை உள்ள கூட்டிட்டுப் போனாரு. நானும் பின்னாடி போனேன். என்னை யாரும் தடுக்கவும் இல்ல, கூப்புடவும் இல்ல. ஒரு பேசின்ல தண்ணி வச்சு, எம்மக சேலையை ஓரம் ஓரமா நனைச்சுப் புழியுறாரு, மூணு தடவை. தாலி கட்டி அரை மணி நேரம் ஆகல. கல்யாணப் பொண்ணு குழந்தைப்புள்ள மாதிரி கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறா. அந்தத் தண்ணியைப் பின்னாடி குழி தோண்டி ஊத்தணும்ல, எனக்கு எடம் தெரியும்ல, மம்பட்டியை எடுக்கப் போனேன். "நீங்க வேண்டாம்பா"ன்னா.

பெறகு மெதுவா, யாருக்கும் கேக்காம கேட்டா. "காலையில எம்புட்டுப்பா குடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சத்தியமா ஒரு சொட்டு இல்ல."

"சரிப்பா"ன்னா.

அவ அடிச்சிருக்கலாம், திட்டியிருக்கலாம். அந்த 'சரிப்பா'வைத்தான் தாங்க முடியல. எத்தனை வருசம் எத்தனை பொய் சொன்னேனோ, எல்லாத்துக்கும் இதே 'சரிப்பா'தான் சொல்லிருக்கா. ஒரே ஒரு நாளு நெசம் சொன்னேன், அதுக்கும் அதே 'சரிப்பா'.

வெள்ளை எப்படி வந்துச்சுன்னு மரியசெல்வம் பெறகுதான் சொன்னா. ஷைனிதான் சாமியாருகிட்டக் கேட்டு வெள்ளையை வைக்கச் சொல்லிருக்கா. "எங்கப்பாவுக்குச் சிவப்பு நாக்குல பட்டா நிறுத்த முடியாது சாமி, வெள்ளை அவரை ஒண்ணும் பண்ணாது"ன்னு. எனக்குக் கிண்ணம் கெடைக்கணும்னு செஞ்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? இல்ல, அந்தச் சாமியாருக்காவது புத்தி இருக்க வேண்டாமா? கம்பெனிக்காரன் வாளியை இடது பக்கம் வச்சிருந்தான்னா எம்மக மேல பட்டிருக்காது. இப்படி யோசிச்சு யோசிச்சு ஒவ்வொருத்தரையா திட்டிக்கிட்டுக் கெடப்பேன். எல்லாரும் தீந்த பெறகு நான்தான் மிச்சம் இருப்பேன். அப்ப தூக்க மாத்திரை குடுத்துருவாங்க.

கல்யாணச் சாப்பாட்டுக்கு நான் போகல. நேரா கம்பெனிக்குப் போயி சிவப்பு டேங்குகளுக்கு நடுவுல உக்காந்தேன். அன்னிக்கு மட்டும் ருசி பாக்கல தம்பி, குடிச்சேன். அந்த ஒரு நாளை வச்சு என்னைக் கொண்டாந்து இங்க போட்டுட்டாங்க. மொத தடவை ஒரு மாசத்துல அனுப்புனாங்க, ரெண்டாவது தடவை ரெண்டு மாசம். இது மூணாவது. வெளிய போனா நாக்கைச் சோதிச்சுப் பாக்கத் தோணுது, வேற ஒண்ணுமில்ல.

ஷைனிக்குப் பையன் பொறந்துருக்கானாம். ஞானஸ்நானம் ஆகிருச்சாம். வருவா. ஞாயித்துக்கிழமை ஆனா இந்தப் பெஞ்சைத் தொடச்சு வச்சுருவேன், கைக்குழந்தையோட வந்தா உக்காரணும்ல. கேட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பேன். அஞ்சு மணிக்குப் பார்வை நேரம் முடிஞ்சுச்சுன்னு மணி அடிப்பான். போன ஞாயிறும் அடிச்சான்.

இங்கயும் ஞாயித்துக்கிழமை ஒரு சாமியாரு நன்மை கொண்டாராரு. வெறும் அப்பம்தான், நான் போறதில்ல. வாயைத் தொறந்தா என்ன செய்யுமோன்னு பயம். என் வாயை நானே நம்பல, எம்மக எப்படி நம்புவா?

தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்கள்ல? அடுத்த வாரம் வர்றப்ப ஒரு சின்ன பாட்டில். சிவப்பு. அந்தப் புளியங்கொட்டை வாசம் மறந்துக்கிட்டே வருது, அதுக்குத்தான். குடிக்க இல்ல. ஒரு வாய். சரி சரி, எந்திரிக்காதீங்க. வேண்டாம். கேக்கலன்னு வச்சுக்கங்க.

அந்தத் திராட்சையில ஒண்ணு குடுங்க. ஒண்ணு போதும், உங்க அண்ணனுக்குக் கொறஞ்சுறாது. நீங்களும் ஒண்ணு வாயில போடுங்க. ம்... கம்பத்துக்குத் தெக்க, செம்மண் தோட்டம். கொடிக்குப் பத்து வயசுக்கு மேல இருக்கும். நல்லாருக்கு.

நீங்க கொட்டையைத் துப்பிட்டீங்க, நானும் துப்புவேன்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க. துப்ப மாட்டேன். ரெண்டு கொட்டை இருந்துச்சு, ரெண்டையும் முழுங்கிட்டேன். இந்தா வாயைத் தொறக்குறேன், நல்லாப் பாருங்க. ஒண்ணுமில்லல்ல? திண்டுக்கல்தானே போறீங்க? முன்ன பால் சங்கத்துல வேலை பாத்த ஷைனின்னு யாரையாவது பாத்தீங்கன்னா சொல்லுங்க, உங்கப்பா இப்பக் கொட்டையைக்கூடத் துப்புறதில்லன்னு. அவ 'சரி'ம்பா. நீங்க பாத்தேன்னு சொல்லுங்க.